இங்கிலாந்தில் அலாட்மென்ட் எடுத்தால் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு எப்படிப் பழகுவது?

காய்கறி பயிரிட உள்ளாட்சி மன்றம் ஆண்டு வாடகைக்குக் கொடுக்கும் நிலத்துண்டைத்தான் இங்கே அலாட்மென்ட் என்கிறார்கள். மூன்று ஆண்டுகள் காத்திருந்து அப்படி ஒரு துண்டைப் பெற்று, இப்போது ஏழாவது பருவமாகப் பயிரிட்டு வருகிறேன். என் அனுபவத்தில், பேச்சால் உறவை வளர்த்துக்கொள்ள முனைவதற்கு முன் உங்கள் வரப்பைச் சுத்தமாக வைத்துக்கொள்வதே முதல் வேலை.

முழு அளவுத் துண்டு என்பது வழக்கமாகப் பத்து ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். எங்கள் தோட்டத்தில் துண்டுகளுக்கு நடுவே வேலி கிடையாது; ஒருவர் நடக்கும் அகலத்துக்குப் புல் பாதை மட்டும் உண்டு. முதல் ஆண்டில் நான் நடுப்பகுதியில் உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் பாத்தி கட்டுவதிலேயே முனைப்பாக இருந்து, ஓரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஓரத்தில்தான் பைண்ட்வீட் என்னும் கொடிக்களை இருந்தது. அதன் வெள்ளை வேரில் சிறு துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைத்து, பாதைக்கு அடியில் ஊர்ந்து அடுத்தவர் பாத்தியில் தலைகாட்டும். பக்கத்துத் துண்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், தம் ராஸ்பெர்ரிச் செடிகளுக்கு இடையிலிருந்து அதைப் பிடுங்கிப் பிடுங்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்தில் ஒருநாள் அந்த வாளியைப் பார்த்தபோதுதான் அது என் நிலத்திலிருந்து போனது என்பது எனக்கு உறைத்தது. அடுத்த நான்கு சனிக்கிழமைகளும் வேறெதையும் தொடாமல் ஓரம் முழுவதையும் கிளறி வேர்களைப் பொறுக்கினேன்; அதன் பிறகே அவர் தாமாக வந்து பேசினார். (இங்கே வயது பாராமல் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவே ஆறு மாதமாயிற்று.)

நோயை மறைப்பது களையை விடுவதைவிடப் பெரிய குற்றம். உருளைக்கிழங்கையும் தக்காளியையும் தாக்கும் பிளைட் என்னும் கருகல் நோய், வெப்பமும் ஈரமும் சேர்ந்த கோடை நாட்களில் காற்றோடு பரவி, சில நாட்களிலேயே செடிகளை அழுக வைத்துவிடும். உங்கள் செடியில் அது தெரிந்தால் தண்டுகளை அறுத்து அகற்றிவிட்டு, சுற்றியிருப்பவர்களிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முட்டைக்கோஸ் இனத்தின் வேரை வீங்கவைக்கும் கிளப்ரூட் நோயோ காலணியில் ஒட்டிய மண்ணிலும் நாற்றின் வேரிலும் பயணம் செய்து, ஆண்டுக்கணக்கில் நிலத்தில் தங்கிவிடும். ஆகையால் ஒருவர் அன்போடு கோஸ் நாற்றுக் கொடுத்தாலும் எந்த மண்ணில் வளர்ந்தது என்று கேட்டு வாங்குங்கள். விவரமறிந்த தோட்டக்காரர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கோழி வளர்க்கும் எண்ணம் இருந்தால், 1950ஆம் ஆண்டின் சட்டம் அலாட்மென்டில் கோழியும் முயலும் வளர்க்க இடம் தருகிறது. சேவலுக்கு அந்த உரிமை இல்லை, வியாபாரமும் கூடாது. சட்டம் அனுமதித்தாலும், கூண்டு வைக்கும் இடத்தை அடுத்த துண்டுக்காரரிடம் முதலில் கேட்டுவிடுவது நல்லது. விளைச்சலும் குடும்பத் தேவைக்கானதுதான் என்பதால் மிஞ்சியது கைமாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஆகஸ்டில் கூர்ஜெட் என்னும் பூசணி இனக் காயை மட்டும் யாருக்கும் நீட்டாதீர்கள், எல்லோரும் அதை யார் தலையில் கட்டலாம் என்றுதான் அலைந்துகொண்டிருப்பார்கள். நான் கொடுத்த வெந்தயக்கீரை விதையை இப்போது மூன்று துண்டுகளில் விதைக்கிறார்கள்.

ஒருவருடைய நிலம் புதராகிக் கிடந்தால், தோட்டக் குழுவுக்குப் புகார் எழுதும் முன் அவரிடமே விசாரியுங்கள். குழுவிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு அந்த உறவைச் சீர்ப்படுத்த முடிந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் வரிசையில் ஒருவர் ஒரு கோடை முழுவதும் வராதபோது பலரும் முணுமுணுத்தார்கள். விசாரித்ததில் அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது தெரியவந்தது. அவருடைய சம்மதத்தோடு நாங்கள் மூன்று பேர் பாதையோரப் புல்லை வெட்டி, பாதி நிலத்தின் மேல் கறுப்பு விரிப்பைப் போட்டு வைத்தோம். அக்டோபரில் அவர் கைத்தடியோடு வந்து அதை விலக்கியபோது, பூண்டு நடும் அளவுக்கு மண் களையற்றுக் கிடந்தது.