மத்திய தரைக்கடல் கப்பல் பயணம்: ஐரோப்பியப் பயணிகளோடு ஒரு வாரம் – கேள்வி பதில்

ஜெனோவா, சிவிடவெக்கியா (ரோமுக்கான துறைமுகம்), பலெர்மோ, பார்சலோனா, மார்சேய் என்று ஏழு இரவுகளில் மேற்கு மத்திய தரைக்கடலைச் சுற்றி வரும் கப்பல்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இத்தகைய கப்பல்களின் வரவேற்பு மேசையில் பல பருவங்கள் வேலை பார்த்திருக்கிறேன். நம் ஊர்க் குடும்பங்கள் எந்த இடத்தில் திகைத்து நிற்கிறார்கள் என்பதை அந்த மேசைக்குப் பின்னாலிருந்து பார்த்ததால், அந்த இடங்களில் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி (சென்னை): ஐயா, நானும் கணவரும் சிங்கப்பூரிலிருந்து ஒருமுறை கப்பலில் போயிருக்கிறோம். இந்த முறை எம்எஸ்சி அல்லது கோஸ்டா கப்பலில் போகலாம் என்று இருக்கிறோம். பெரிய வேறுபாடு ஏதாவது உண்டா அம்மாதிரிப் பயணத்துக்கும் இதற்கும்?

பதில்: உண்டு அம்மா. நீங்கள் போன கப்பலில் எல்லோரும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கியிருப்பார்கள். மத்திய தரைக்கடலில் ஓடும் எம்எஸ்சி, கோஸ்டா கப்பல்களில், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸைப் போல, வழியிலுள்ள ஊர்களிலும் ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். இத்தாலியர் ஜெனோவாவில் ஏறினால், ஸ்பானியர் பார்சலோனாவிலும் பிரெஞ்சுக்காரர் மார்சேயிலும் ஏறுவார்கள். உங்களுக்கு நான்காம் நாள் என்றால் பக்கத்து அறைக்காரருக்கு அது முதல் நாளாக இருக்கும். ஆகவே வரவேற்பு மேசையின் முன் வரிசை ஏறக்குறைய எல்லா நாளும் நீளமாகத்தான் இருக்கும். ஏதாவது கேட்க வேண்டியிருந்தால், பெரும்பாலானோர் கரையில் இருக்கும் முற்பகல் நேரத்தில் வாருங்கள்.

பாதுகாப்புப் பயிற்சியும் இதனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் நடக்கும். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கன்கார்டியா கப்பல் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை சிவிடவெக்கியாவில் ஏறிய பல நூறு பேருக்கு அதற்குள் பயிற்சி நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. பின்னர் பன்னாட்டு விதி திருத்தப்பட்டு, கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. சில கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியில் வீடியோ பார்த்துவிட்டு, உங்களுக்குரிய ஒன்றுகூடுமிடத்துக்குப் போய் அறை அட்டையைக் காட்டினால் போதும். எந்த முறையாக இருந்தாலும் தட்டிக்கழிக்காதீர்கள். ஆபத்தை அறிவிக்கும் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எந்தப் படிக்கட்டு வழியாக எங்கே போக வேண்டும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களையும் ஒருமுறை நடந்து பார்க்கச் செய்யுங்கள்.

கேள்வி (மதுரை): அப்பா அம்மாவை அழைத்துப் போகிறேன். அவர்களுக்குத் தமிழும் ஓரளவு ஆங்கிலமும்தான் தெரியும். சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். அறிவிப்புகள் இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஆங்கிலம் என்று ஐந்து மொழிகளில் அடுத்தடுத்து வரும். ஆங்கிலம் எத்தனையாவதாக வரும் என்று சொல்ல முடியாது. முதலில் புரியாத மொழி கேட்டதும் பெரியவர்கள் கவனத்தை விட்டுவிடுவதும், தங்களுக்கான வரி கடந்துபோவதும் அடிக்கடி நடக்கும். அன்றாட நிகழ்ச்சித் தாளை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கப்பல் நிறுவனத்தின் கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். நாடக அரங்கில் மொழிச் சிக்கல் இல்லை. பல நாட்டினர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பேச்சு நாடகம் எடுபடாது என்பதால் பாட்டு, நடனம், கழைக்கூத்து வகை நிகழ்ச்சிகளே அதிகம். இரவு உணவு மேசையில் கூடுமானவரை ஒரே மொழி பேசுவோரைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். ஆங்கில மேசையில் பிரிட்டிஷ்காரர், டச்சுக்காரர் போன்றோர் உடன் அமரலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத சைவம். கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். என்ன எதிர்பார்க்கலாம்?

பதில்: முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவு உணவு இரண்டு பந்தியாக நடக்கும். முதல் பந்தி ஆறரை, ஏழு மணி அளவில். இரண்டாம் பந்தி ஒன்பது, ஒன்பதரை அளவில். தென் ஐரோப்பியர், குறிப்பாக ஸ்பானியர், இரண்டாவதைத்தான் விரும்புவார்கள். அதில் இனிப்பு வரும்போது பதினொரு மணி ஆகிவிடும். பதிவு செய்யும்போதே முதல் பந்தி வேண்டும் என்று எழுதுங்கள். மாற்றிப் போட்டிருந்தால், ஏறிய அன்று பிற்பகலே உணவுக்கூட மேலாளரைப் பார்த்து மருத்துவக் காரணத்தைச் சொன்னால் பெரும்பாலும் மாற்றித் தருவார். அன்று மாலை பந்தி தொடங்கிய பிறகு போய்க் கேட்டால் அவரால் அதிகம் செய்ய இயலாது.

சைவத்தைப் பற்றி: “வெஜிடேரியன்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த நீர் ஆகியவை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காய்கறி சூப்பிலும் ரிசோட்டோ என்னும் சோற்று வகையிலும் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கலாம். சாலட்டில் சூரை மீனும், காய்கறிக் குழம்பில் நெத்திலி வகை மீனும் கலந்திருக்கலாம். பன்னா கோட்டா என்னும் பால் இனிப்பில் ஜெலட்டின் சேர்ப்பார்கள். பாஸ்தாவின் மேல் தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் செய்யப்படுவது. இதைப் பலர் அறியாமல் சாப்பிட்டு, பிறகு தெரிந்து மனம் வருந்துவதைக் கண்டிருக்கிறேன். பரிமாறுபவர் துருவியைக் கையில் எடுக்கும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நம்பி வயிறு நிறைய உண்ணத்தக்கவை உண்டு: தக்காளிச் சாற்றில் பாஸ்தா, பாலாடைக்கட்டி போடாத பீட்சா, வாட்டிய கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், அவித்த பருப்பு வகை, ரொட்டி, பழம். தலைமைப் பரிமாறுபவரிடம் முதல் இரவே பேசி, மறுநாள் உணவுப் பட்டியலை முந்திய இரவே காட்டச் சொல்லி, எதை எப்படி மாற்றித் தரலாம் என்று முடிவு செய்துகொள்வதே சிறந்த வழி. சமையலறையில் இந்தியர்கள் இருப்பது வழக்கம்; அன்போடு கேட்டால், வேலை நெருக்கடி இல்லாத நாளில் ஒரு பருப்போ உருளைக்கிழங்கு மசாலாவோ வந்து சேர்வதுண்டு. அதை உரிமையாகக் கேட்காமல் உதவியாகக் கேளுங்கள்.

வீட்டிலிருந்து பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் ஆகியவற்றை முத்திரையிட்ட பொட்டலங்களாகக் கொண்டுவரலாம். நெய், பால்கோவா வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. மின் கெட்டில், ரைஸ் குக்கர், நீரில் போட்டுச் சூடாக்கும் கம்பி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போது தருவார்கள். கப்பலில் தீ என்பது மிகப் பெரிய ஆபத்து. அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஒன்று கட்டாயம் நினைவிருக்கட்டும். உணவுக்கூட மேசையில் வைக்கும் குடிநீர்ப் புட்டிக்கு ஐரோப்பியக் கப்பல்களில் தனிக் கட்டணம் போடுவது வழக்கம். அங்குள்ளவர்களுக்கு அது வீட்டருகே உணவகத்தில் பழகிய ஒன்று. நம்மவர்களுக்குக் கடைசி நாள் கணக்கைப் பார்க்கும்போது அதிர்ச்சியாக இருக்கும். பஃபே கூடத்தில் இயந்திரத்திலிருந்து வரும் நீர் இலவசம்.

கேள்வி (திருச்சி): உடை விஷயத்தில் தயக்கமாக இருக்கிறது. மனைவி புடவை கட்டலாமா? நீச்சல் குளப் பக்கம் போக முடியுமா?

பதில்: தாராளமாகக் கட்டலாம். விருந்து இரவுகளில் பட்டுப்புடவைக்குக் கிடைக்கும் மரியாதையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இத்தாலியப் பாட்டிமார் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்து விசாரிப்பார்கள். தென் ஐரோப்பியர் மாலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, வாசனை பூசித்தான் வெளியே வருவார்கள். பகலில் அரைக்கால் சட்டையோடு திரிந்தவர்தானா இவர் என்று தோன்றும். ஆகவே இரவுக்கு நல்ல உடை இரண்டு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் நீச்சலுடை கட்டாயம். முழங்கால் வரை மறைக்கும் நீச்சலுடையும் ஏற்கத்தக்கதே, பருத்திச் சேலையோடும் சுடிதாரோடும் இறங்க விடமாட்டார்கள். சாய்வு நாற்காலிகளில் மற்றவர்கள் காலையிலேயே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதற்காக மனம் கோண வேண்டாம். மேல் தளத்தின் பின்பகுதியில் இடம் கிடைக்கும்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள். ஆயிடா, மைன் ஷிஃப் போன்றவை ஜெர்மன் மொழி பேசுவோருக்காகவே ஓடுபவை. அறிவிப்பும் நிகழ்ச்சியும் ஜெர்மனில் இருக்கும். அங்கே நீராவிக் குளியல் அறையில் ஆணும் பெண்ணும் ஒன்றாக, உடையின்றி அமர்வது அவர்களின் இயல்பான வழக்கம். அறியாமல் கதவைத் திறந்து சங்கடப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): புகைபிடிப்பவர்கள் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. திறந்த தளத்தில் ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். சூதாட்டக் கூடத்திலும் அனுமதி இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர் அந்தப் பக்கத்து அறையைத் தவிர்க்க, தள வரைபடத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி (பெங்களூரு): குழந்தைகளுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம்தான். அது சரியான காலமா?

பதில்: மிகச் சரி. மே, ஜூன் முற்பகுதி, செப்டம்பர், அக்டோபர் ஆகியவையே நல்ல மாதங்கள். ஆகஸ்டில், குறிப்பாக 15ஆம் தேதியை ஒட்டி, இத்தாலி முழுவதும் விடுமுறையில் இருக்கும். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று மூன்று தலைமுறையும் ஏறும், நள்ளிரவிலும் குழந்தைகள் தாழ்வாரத்தில் ஓடுவார்கள். ரோமிலும், எரிமலையில் புதைந்த பழைய நகரமான பொம்பேயிலும் வெயில் வாட்டி எடுக்கும். கிரீஸ் பக்கத்து ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்னும் வடகாற்று வீசினால், சிறு படகில் கரைசேர நேரும் மிக்கோனோஸ், சான்டொரினி தீவுகளை விட்டுவிட்டுப் போகவும் நேரும். மார்சேய்ப் பக்கம் மிஸ்திரால் என்னும் பலத்த காற்று எந்த மாதத்திலும் எழக்கூடும் என்பதால், குமட்டல் மாத்திரை கைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி (சேலம்): ஒருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா போதுமா?

பதில்: போகும் துறைமுகங்கள் எல்லாம் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளில், இருந்தால் போதும். துருக்கியின் குஷாடாசி, மான்டினீக்ரோவின் கோட்டோர், துனிசியாவின் லா குலெத் போன்றவை வெளியே உள்ளவை. அங்கே போய்த் திரும்பினால் மீண்டும் நுழைவதாகும், எனவே பலமுறை நுழைவு விசா வேண்டும், அந்த நாட்டின் விதிகளையும் தனியே பார்க்க வேண்டும். குரோயேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அதிக நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பியுங்கள். நாள் கணக்குச் சமமானால் முதலில் நுழையும் நாட்டுக்கு. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. “அந்த ஊரில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துகொள்கிறேன்” என்ற பதிலை ஏறும் இடத்தில் ஏற்பார்கள் என்று நம்பி வராதீர்கள். கண்ணீரோடு திரும்பிய குடும்பங்கள் உண்டு.

கேள்வி (துபாய்): ரோம், பொம்பே எல்லாம் கப்பல் ஏற்பாடு இல்லாமல் நாங்களே போய் வரலாமா?

பதில்: போகலாம், நேரக் கணக்கு தெரிந்திருந்தால். சிவிடவெக்கியாவிலிருந்து ரோம் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். துறைமுகப் பேருந்தில் வாயில் வரை வந்து, ரயில் நிலையம் போய், ரோமா சான் பியெத்ரோவில் இறங்கினால் வத்திக்கான் நடை தூரம்தான். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். நேப்பிள்ஸிலிருந்து பொம்பேக்குச் சிர்கும்வெசுவியானா ரயிலில் போகலாம். அங்கே 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்ற வரம்பும் பெயர் எழுதிய சீட்டும் வந்துவிட்டதால், முன்பதிவு செய்துவிடுங்கள். லிவோர்னோவில் இறங்கி ஃபுளோரன்ஸ் போகிறவர்கள் திங்கள்கிழமை உஃபிட்சி ஓவியக்கூடம் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மார்சேய்க் கப்பல் முனையம் நகர மையத்திலிருந்து தொலைவில் உள்ளது, நடக்கத் துணியாதீர்கள்.

கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போனால் காத்திருக்காது. கடைசி ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் துறைமுக ஊருக்குத் திரும்பிவிடும்படி திட்டமிடுங்கள். பார்சலோனாவின் ராம்ப்லா வீதி, ரோம் மெட்ரோ ஆகிய இடங்களில் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஈரோடு): கேட்கத் தயங்கிக்கொண்டே கேட்கிறேன். நம்மை ஒதுக்கிவைப்பார்களா?

பதில்: தயங்க வேண்டியதில்லை, நியாயமான கேள்வி. ஒவ்வொரு பயணத்திலும் முகம் சுளிக்கும் ஒருவர் இருவர் இருக்கக்கூடும். பெரும்பாலோர் அப்படி இல்லை. ஆனால் ஒதுக்குவதாக நம்மவர் நினைத்துக்கொள்ளும் பல சந்தர்ப்பங்களில் காரணம் வேறு. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் லிஃப்டுக்குள் நுழையும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்வார்கள். நாம் அறியாதவரிடம் பேசாமல், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பதை மரியாதை என்று வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது கோபமாகத் தெரிகிறது. பதிலுக்கு அவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். “புவோன்ஜோர்னோ”, “போன்ஜூர்” என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள், அதே முதியவர் காலை உணவுக் கூடத்தில் உங்கள் குழந்தைக்குத் தன் தட்டிலிருந்து ஆரஞ்சை உரித்து நீட்டுவார்.

வரிசை விஷயத்தில் உங்களுக்குப் பொறுமை வேண்டும். பஃபேயில் தென் ஐரோப்பியர் வரிசையாக நிற்காமல் வேண்டிய தட்டை நோக்கி நேரே வருவார்கள், வம்புக்காகச் செய்வதல்ல. நீங்களும் அமைதியாகக் கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (மதுரை, மீண்டும்): செலவுக் கணக்கையும் இறங்கும் முறையையும் சொல்லிவிடுங்கள்.

பதில்: கப்பலில் கணக்கு யூரோவில், அறை அட்டையில் ஏறும். உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்பும் முன்பே திறந்துவைக்கச் சொல்லுங்கள். அட்டை வேலை செய்யாவிட்டால் ரொக்கம் முன்பணமாகக் கட்டலாம். நாளொன்றுக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தானாகச் சேரும்; அதற்கு மேல் டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம். கணக்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை செயலியில் பாருங்கள்; தவறு இருந்தால் அன்றே சொன்னால் எளிதில் திருத்தலாம், கடைசிக் காலையில் வரிசை நீண்டுவிடும். முந்திய இரவு பெட்டிகளை நிறச்சீட்டு கட்டி அறை வாசலில் வைக்க வேண்டும். கடவுச்சீட்டு, மாத்திரை, மறுநாள் உடை மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். வரவேற்பு மேசையில் கடவுச்சீட்டை வாங்கி வைத்திருந்தால், திரும்பத் தரும் நேரம் நிகழ்ச்சித் தாளில் இருக்கும். அப்பா அம்மா இருவருடையதையும் நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.