டார்க் ரூம் போன பிறகும் ஃபிலிம் கேமராவை விற்கவில்லை

வாடகை வீட்டுக்கு மாறுவதால், ஃபிலிம் படங்களைப் பிரிண்ட் போடும் இருட்டறையான டார்க் ரூம் போகிறது, கேமராவையும் விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். அதற்காக ஒன்றும் குறையாது என்று சொல்ல மாட்டேன். குறையும்.

மதுரையில் எங்கள் பழைய வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடியில் ஒரு அறை இருந்தது. முதலில் விறகு போட்டிருந்தோம், கேஸ் வந்ததும் அப்பா அதை எனக்குக் கொடுத்துவிட்டார். கதவிடுக்கில் கறுப்புத் துணியை அடைத்து, சிவப்பு பல்பு மாட்டி, இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் பிரிண்ட் போட்டேன். ஆரம்பத்தில் எல்லாமே ஊட்டியில் தயாரான 'இந்து' போட்டோ பேப்பர். படத்தை வெளிக்கொண்டு வரும் ரசாயனமான டெவலப்பரில் பேப்பரைப் போட்டு, ட்ரேயை மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்தால் முதலில் தலைமுடியும் புருவமும் கறுத்து வரும், அப்புறம்தான் முகம். அப்பாவை நான் கடைசியாக எடுத்த படமும் அந்த ட்ரேயில்தான் வந்தது. அவர் போன பிறகு பாகம் பிரிக்க வீட்டை விற்றோம், வாங்கியவர் இடித்துவிட்டார். அண்ணன்கள் மேல் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம், அவர்களுக்கும் பணத்தேவை இருந்தது. ஆனால் கிணறு என்ன ஆகும், பூஜை அறைக் கதவு யாருக்கு என்றெல்லாம் பேசிய வீட்டில், அந்த அறையைப் பற்றி ஒருவர்கூட என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

சென்னைக்கு வந்து ஆறு மாதம் கேமராவைத் தொடவில்லை. ஃபிலிம் டெவலப் செய்ய இருட்டறை வேண்டாம் என்பது எனக்குத் தெரியாததல்ல, மனசுதான் வரவில்லை. ரோலை ஸ்பூல் என்கிற சுருள் சக்கரத்தில் ஏற்றி, வெளிச்சம் புகாத டப்பாவான டேங்கில் போட்டு மூடும் வரைதான் இருட்டு வேண்டும், அதற்குக் கைவிட்டு வேலை செய்கிற கறுப்புப் பை போதும். மூடிவிட்டால் மீதி எல்லாம் சமையலறை வெளிச்சத்திலேயே நடக்கும். இங்கே கஷ்டம் வியர்வைதான். பைக்குள் கை ஈரமானால் ஃபிலிம் பிளாஸ்டிக் ஸ்பூலில் பாதியில் ஒட்டிக்கொண்டு நகராது, இழுத்தால் மடிந்து பிறை மாதிரித் தழும்பு விழும். அதனால் நான் காலை ஐந்து மணிக்கே, குளிக்கும் முன் ஏற்றிவிடுவேன்.

அடுத்தது சூடு. எச்பி5 என்கிற கறுப்பு வெள்ளை ரோலுக்கு ஐடி-11 என்கிற டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். மே மாதம் நம் குழாயில் அந்தத் தண்ணீர் எங்கே வருகிறது? டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட வாளியில் வைத்து 24 டிகிரிக்காவது இறக்கி, சுமார் 9 நிமிடத்தில் முடிப்பேன். அதற்கு மேல் சூடாக விட்டால் நேரம் ரொம்பச் சுருங்கி, படம் திட்டுத்திட்டாக வரும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர், போர் தண்ணீர் காய்ந்தால் நெகட்டிவில் உப்புத் தடம் நிற்கும்.

லேபில் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். ஒரு லேபில் ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கேட்டால், "அதை யார் சார் இப்ப வாங்குறாங்க?" அதில் என் மகளின் காதுகுத்துப் படங்கள் இருந்தன. கல்யாண ஆல்பம் போட்டவர்களும் இப்படித்தான், என் தங்கை கல்யாணத்து நெகட்டிவை இரண்டு வருடம் கேட்டும் கொடுக்கவில்லை. படத்துக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு நெகட்டிவ் நம்முடையது என்று ஏன் தோன்றுவதில்லை? எல்லா லேபும் அப்படியில்லை, தெரியும். கொடுப்பதானால் நெகட்டிவ் திரும்ப வேண்டும் என்று கவர் மேலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்போது, அடியிலிருந்து வெளிச்சம் தரும் பலகையான லைட் பேடில் நெகட்டிவை வைத்து டிஜிட்டல் கேமராவால் படம் பிடித்துக்கொள்கிறேன். டிஜிட்டல்தான் கடைசியில் என்றால் ஃபிலிம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நெகட்டிவ் என் கையில் இருக்கிறது, என்றைக்கு ஒரு இருட்டு மூலை கிடைத்தாலும் அதிலிருந்து பிரிண்ட் போடலாம், அதற்காகத்தான். வருடத்துக்கு இரண்டு முறை, வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போன ராத்திரி, பாத்ரூம் ஜன்னலுக்கு அட்டை ஒட்டி, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரை வாஷிங் மெஷின் மேல் ஏற்றி நாலைந்து பிரிண்ட் போடுகிறேன். போன பொங்கலுக்கு அப்பாவின் அந்தப் படத்தைத்தான் திரும்பப் போட்டேன்.

உங்கள் என்லார்ஜரையும் விற்க வேண்டாம், பரணில் ஏற்றிவிடுங்கள். லென்ஸை மட்டும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். மேலேயே விட்டால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.