பார்டர் பிடிக்கவில்லையா? பிரிப்பதற்கு முன் மடித்துப் பாருங்கள்
தையல் கேள்வி பதில்

வெளிர் நிறக் கட்டங்களை ஒட்டித் தைத்த குயில்ட்டின் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையின்) மேல்துணி தயார். நடுப்பகுதி 50 அங்குல அகலம், 62 அங்குல நீளம். சுற்றிலும் கருநீலத்தில் பெரிய பூப்போட்ட துணியை 5 அங்குல பார்டராக வைத்தேன். விரித்துப் போட்டால் பார்டர் மட்டும்தான் தெரிகிறது. பஞ்சும் அடித்துணியும் இன்னும் வைக்கவில்லை. பிரித்துவிடவா, அப்படியே முடித்துவிடவா?

இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். பார்டர் உறுத்துவதற்குக் காரணம் நிறமா, அகலமா என்று முதலில் தெரிய வேண்டும். தரையில் விரித்து, மொபைலில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். நடுப்பகுதி முழுக்க ஒரே சாம்பலாகவும் பார்டர் மட்டும் கருப்புச் சட்டமாகவும் தெரிந்தால் குற்றவாளி நிறத்தின் அழுத்தம். அப்படி இல்லையென்றால் அகலம்தான்.

அடுத்து, பார்டரைப் பின்பக்கமாக மடித்து 3 அங்குலம் மட்டும் தெரியும்படி குண்டூசி குத்திவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு 2 அங்குலம், பிறகு 1 அங்குலம், கடைசியாக முழுவதும் மடித்துப் பார்டரே இல்லாமல். நாலு பக்கமும் மடிக்க வேண்டாம், ஒரு மூலையும் அதைச் சேர்ந்த இரண்டு பக்கமும் போதும். ஐந்து அங்குலத்தில் கத்திய அதே துணி இரண்டு அங்குலத்தில் அடங்கி உட்கார்ந்துவிடுவது சகஜம். பெரிய பூப்போட்ட துணியில் இது இன்னும் நன்றாகத் தெரியும், ஏனென்றால் குறுகிய பட்டையில் பூ முழுசாகத் தெரியாது, வெறும் நிறமாகிவிடும்.

2 அங்குலம் பிடித்திருந்தால் வேலை சுலபம். பார்டரை இணைத்த தையலிலிருந்து 2¼ அங்குலம் அளந்து கோடு போட்டு வெட்டுங்கள். கால் அங்குலம் பைண்டிங் (ஓரத்தைச் சுற்றி மூடும் பட்டை) தையலுக்குப் போகும். வெளி விளிம்பிலிருந்து அளக்காதீர்கள். அந்த விளிம்பு நேராக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முடிந்த அளவு 54க்கு 66. இதற்குச் சுற்றளவு 240, மூலைக்கும் முனைகளைச் சேர்ப்பதற்கும் 12 சேர்த்து 252 அங்குலம் பைண்டிங் வேண்டும். வெட்டியெடுத்த பட்டைகள், வெளி ஓரத்தில் தையலுக்கு விட்ட கால் அங்குலமும் சேர்ந்து, 3 அங்குல அகலம் இருக்கும். அவற்றை 2½ அங்குலமாக்கி, மூலைவாட்டில் இணைத்து, இரண்டாக மடித்தால் அதுவே பைண்டிங். சுமார் அரையடி குறையும், மிச்சத் துணியில் ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிறம்தான் பிரச்சினை, ஆனால் போர்வையின் அளவு குறையவும் கூடாது என்றால் எங்கள் முதல் சிபாரிசு வேறு. பார்டரைத் தையலிலிருந்து 1¼ அங்குலம் விட்டு வெட்டிவிடுங்கள். கருநீலம் 1 அங்குலக் கோடாக மட்டும் நிற்கும். அதற்கு வெளியே, கட்டங்களில் ஏற்கெனவே இருக்கும் வெளிர் நிறங்களில் ஒன்றை 4 அங்குல பார்டராகச் சேருங்கள். மொத்தம் பழையபடி 60க்கு 72. பிடிக்காத துணி இப்போது நடுப்பகுதியை எடுத்துக்காட்டும் கோடாகிவிடும், ஒரு தையலும் பிரிக்க வேண்டியதில்லை.

புதுத் துணிக்குக் கணக்கு (தையலுக்கு இரண்டு ஓரமும் கால் அங்குலம் சேர்த்து): 4½ அங்குல அகலத்தில் பக்கங்களுக்கு 64½ அங்குல நீளம் இரண்டு, மேலுக்கும் கீழுக்கும் 60½ அங்குல நீளம் இரண்டு. 40 அங்குலப் பன்னா (அகல) துணியை நீளவாக்கில் வெட்டினால் இணைப்பே வராது, ஆனால் 1¾ மீட்டர் வேண்டும். குறுக்காக வெட்டி இணைத்தால் 1 மீட்டர் போதும். துணி கைவசம் இருந்தால் நீளவாக்குதான் நல்லது. காரணம் அடுத்த பதிலில்.

ஒரு எச்சரிக்கை. ஒரு அங்குலப் பட்டையில் நூலளவு கோணினாலும் கண் பிடித்துவிடும். வெளிப் பார்டரைத் தைக்கும்போது பழைய தையல் மேலே தெரியும்படி துணியைத் திருப்பி வைத்துக்கொண்டு, வெட்டு விளிம்பைப் பார்க்காமல், அந்தப் பழைய தையலிலிருந்து சரியாக 1 அங்குலத்தில் தையுங்கள்.

பார்டர் வைத்ததும் ஓரம் நெளிநெளியாக நிற்கிறது, இஸ்திரி போட்டும் படியவில்லை. துணி மட்டமா?

துணி பாவம். நீளப் பட்டையை வைத்து ஒரு முனையில் தொடங்கித் தைத்துக்கொண்டே போய், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டியிருப்பீர்கள். அப்படித் தைத்தால் பார்டர் நடுப்பகுதியைவிட நீளமாகத்தான் முடியும். மெஷின் பல் கீழே இருக்கும் துணியை இழுக்கிறது, பாதம் மேலே இருக்கும் துணியை மெல்லத் தள்ளுகிறது, நம் கையும் சேர்ந்து இழுக்கிறது. பட்டையைக் குறுக்காக வெட்டியிருந்தால் அது ஊடை நூல் போகும் வாக்கு. பாவு வாக்கைவிட, அதாவது நீளவாக்கைவிட, கூடுதலாக நீளும்.

எவ்வளவு மிச்சம் என்று அளந்துவிடுங்கள். போர்வையை நடுவில் நீளவாக்கில் அளங்கள், பிறகு பக்க ஓரத்தை அளங்கள். நடு 70½, ஓரம் 72 என்றால் 1½ அங்குலம் கூடுதல். அதைப் பிரித்தே ஆக வேண்டும். வித்தியாசம் அரை அங்குலத்துக்குள் என்றால் பிரிக்க வேண்டாம். பஞ்சோடு சேர்த்துக் குத்தும்போது மிச்சத்தைப் பக்கம் முழுக்கச் சமமாகப் பகிர்ந்து 3 அங்குலத்துக்கு ஒரு ஊசி குத்திக்கொண்டு, பார்டரை நெருக்கமாகத் தைத்தால் உள்வாங்கிவிடும். உப்பலான பஞ்சாக இருந்தால் இன்னும் எளிது. ஒன்றரை அங்குலத்தை இப்படி அமுக்கப் பார்த்தால் கொசுவம் விழும்.

பிரிப்பது என்று முடிவானால் ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்க நூலை இழுங்கள், முழுசாக வந்துவிடும். இரண்டு துணியையும் பிடித்துக் கிழிக்கிற மாதிரி இழுத்தால் இப்போது நேராக இருக்கும் நடுப்பகுதியும் நீண்டுவிடும்.

மறுபடி வைக்கும் முறை: நடுப்பகுதியை நீளவாக்கில் மூன்று இடத்தில், நடுவிலும் இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளேயும் அளந்து சராசரி எடுங்கள். இரண்டு பக்கப் பட்டைகளையும் அந்த நீளத்துக்கே வெட்டுங்கள். பட்டையையும் நடுப்பகுதியையும் பாதியாக, மறுபடி காலாக மடித்துக் குறி வைத்து, குறிக்குக் குறி ஊசி குத்துங்கள். இரண்டில் எது நீளமாக இருக்கிறதோ அது கீழே, மெஷின் பல்லின் மேல் இருக்கட்டும். பல்லே அதை உள்வாங்கும். பக்கங்களைத் தைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் மேலுக்கும் கீழுக்கும் அகலத்தை அளக்க வேண்டும். நாலு பட்டையையும் முதலிலேயே வெட்டி வைப்பதுதான் பலர் செய்வது, மூலை கோணுவதும் அதனால்தான்.

பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் குயில்டிங்கும் முடித்துவிட்டேன். பைண்டிங் மட்டும் பாக்கி. இப்போது பார்த்தால் பார்டர் அகலம் அதிகம். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

வெட்டலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் பூட்ட வேண்டும். குயில்டிங் தையலை நடுவில் வெட்டினால் நூல் முனை அவிழ்ந்து உள்நோக்கிப் பிரியத் தொடங்கும். கையால் தைத்ததென்றால் இன்னும் சீக்கிரம். எனவே வெட்டுக் கோட்டுக்கு ⅛ அங்குலம் உள்ளே, 2.5 மில்லிமீட்டர் தையலில், நாலு பக்கமும் ஒரு சுற்று ஓட்டுங்கள். வாக்கிங் ஃபுட் இருந்தால் போடுங்கள், மூன்று அடுக்கும் சேர்ந்து நகரும். அதன் பிறகு வெட்டுங்கள். பைண்டிங் கால் அங்குலத்தில் தைப்பதால் அந்தச் சுற்றுத் தையல் உள்ளே மறைந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பார்டரை முழுக்கப் பிரித்து வேறு துணி வைக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முடியும்தான், ஆனால் குயில்டிங் தையல், பார்டர் தையல் எல்லாம் பிரித்துப் பஞ்சோடு மல்லாடுவதற்குப் பதில் இன்னொரு குயில்ட் தொடங்கிவிடலாம் என்பது எங்கள் கட்சி.

வெட்டவும் மனமில்லை என்றால், பார்டரின் நிறத்திலேயே நூல் எடுத்து அங்கே கூடுதலாகத் தையுங்கள். கருத்த பார்டரில் வெள்ளை நூல் ஓட்டினால் வேண்டாத இடத்துக்கு வெளிச்சம் அடித்த மாதிரி ஆகிவிடும். நெருக்கம் மட்டும் நடுப்பகுதியோடு ஒத்திருக்க வேண்டும். நடுவில் நெருக்கித் தைத்துவிட்டுப் பார்டரில் இரண்டே கோடு போட்டால் நடு சுருங்கும், ஓரம் நெளியும்.

பார்டரே வேண்டாம், கட்டங்களோடு முடித்துக்கொள்ளலாமா?

தாராளமாக. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கட்டத்தில் முக்கோண முனைகள் இருந்தால் முனைக்கும் வெட்டு விளிம்புக்கும் கால் அங்குலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பைண்டிங் முனையை விழுங்கிவிடும். பார்டரைப் பிரித்தெடுத்த ஓரத்தில் கிராஸாக (நூலுக்குச் சாய்வாக) வெட்டிய துண்டுகள் இருந்தால், பிரித்த கையோடு ⅛ அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள், தொங்காது.

பார்டருக்கு 5½ அங்குல அகலத்தில் பட்டை வெட்டினேன், நீளம் ஓரடிக்குமேல் குறைகிறது. அதே துணி இனிக் கிடைக்காது.

மூலைகளில் வேறு துணியில் சதுரம் வையுங்கள். நடுப்பகுதி 50க்கு 62 என்று வைத்துக்கொண்டால், சாதாரணமாகத் தைக்கையில் முடிந்த அளவில் 244 அங்குலப் பட்டை வேண்டும். மூலைச் சதுரம் வைத்தால் 224 போதும், 20 அங்குலம் மிச்சம். அதுவும் போதாதென்றால் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு சதுரம் வையுங்கள். நாலு பக்கமும் ஒரே இடத்தில் வந்தால் திட்டமிட்டுச் செய்தது போலிருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டுப் போட்டால்தான் குட்டு வெளிப்படும்.

சிறு பட்டைகளை வரிசையாகத் தைத்த பார்டர், மூலையில் பாதிப் பட்டையாக முடிகிறது. அசிங்கமாக இருக்கிறது.

நடுப்பகுதியின் அளவு பட்டை அளவால் வகுபடவில்லை. பட்டை 3 அங்குலம் என்றால் 50ம் 62ம் மூன்றால் போகாது. சுற்றிலும் 2 அங்குலத்துக்குச் சாதாரணத் துணி ஒன்று சேர்த்தால் 54, 66 ஆகும். பதினெட்டும் இருபத்திரண்டும் பட்டைகள் முழுசாக உட்காரும், மூலைக்கு 3 அங்குலச் சதுரம். அப்படியும் கடைசியில் ஒரு நூல் முன்பின்னாக வரும். அதை ஒரே பட்டையில் கழிக்காமல், நாலைந்து தையல்களில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டோ பிடித்தோ சரிசெய்யுங்கள்.

சிவப்புப் பார்டர், வெள்ளை நடுப்பகுதி. சாயம் இறங்குமா என்று பயமாக இருக்கிறது.

வெள்ளைத் துணி ஒன்றை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பார்டரின் பின்பக்கம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அரை நிமிடம் அழுத்துங்கள். துணியில் சிவப்பு ஏறினால் சாயம் இறங்கும். அப்படியானால் எவ்வளவு அழகாக இருந்தாலும் பஞ்சு வைக்கும் முன்பே அந்தப் பார்டரைப் பிரித்துவிடுங்கள். பிரித்த துணியைத் தனியாக, சாயத் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்து, மறுபடி சோதித்த பிறகு திரும்ப வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். அலசியதில் சுருங்கியிருக்கும், நீளத்தைப் புதிதாக அளந்துகொள்ளுங்கள்.