கேள்வி – பதில்: பென்ஃபிகா இளைஞர்களின் நான்காவது இறுதிப் போட்டி

கேள்வி: யூஃபா யூத் லீக் என்பது சாம்பியன்ஸ் லீக்கின் துணைப் போட்டிதானா, அல்லது அதற்கென்று தனி வழி உண்டா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா 2013–14இல் இதைத் தொடங்கியபோது, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் துணைப் போட்டியாகவே இருந்தது, சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குத் தகுதி பெற்ற 32 கிளப்புகளின் 19 வயதுக்குட்பட்டோர் அணிகள் மட்டுமே அதில் ஆடின. 2015–16 முதல் ஐரோப்பிய நாடுகளின் உள்நாட்டு இளையோர் சாம்பியன்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டு, அணிகளின் எண்ணிக்கை 64 ஆனது. போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பின் இளைஞர்கள் கோப்பையை வென்ற 2021–22 பருவமும் இந்த முறையில்தான் நடந்தது. மூத்தோர் அணிகள் எந்தக் குழுவில் இருந்தனவோ அதே குழுவில் அவற்றின் இளையோர் அணிகளும் மோதின. குழுவில் முதலிடம் பெற்ற அணி நேரே கடைசிப் பதினாறு அணிகளின் சுற்றுக்குச் சென்றுவிட, இரண்டாமிடம் பெற்ற அணியோ உள்நாட்டுச் சாம்பியன் ஒருவரின் மைதானத்துக்கே போய் ஒற்றை ஆட்டத்தில் வென்றாக வேண்டியிருந்தது. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கிளப்பின் பெயரை அறிந்த அளவுக்கு அதன் பையன்களை அறியாத ஊர்களுக்கு அவர்கள் சென்று ஆட வேண்டியிருந்தது. வெளியேற்றச் சுற்றுகளில் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது, உடனே பெனால்டி ஷூட்-அவுட்தான்.

கேள்வி: அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் பென்ஃபிகா 6–0 என்று வென்றதே, எதிரணியான ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அவ்வளவு பலவீனமானதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முற்றிலும் இல்லை. சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில், யூஃபா தலைமையகத்துக்கு அருகிலுள்ள மைதானத்தில் நடந்த அரையிறுதிகளைப் பார்த்தவர்கள் சால்ஸ்பர்க்கையே வெற்றி பெறும் அணியாகக் கருதியிருப்பார்கள். ஏனெனில் அது அத்லெட்டிகோ மாட்ரிட்டை 5–0 என்று தோற்கடித்திருந்தது, பென்ஃபிகாவோ யுவென்டஸிடம் 2–2 என்று சமன் செய்து, பெனால்டி உதைகளில்தான் தப்பிப் பிழைத்திருந்தது. ஆனால் 2022 ஏப்ரல் 25 அன்று ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பென்ஃபிகா முந்திக்கொண்டது. ஹென்ரிக்கே அராவ்ஜோ ஹாட்ரிக் அடித்தார். (அந்த நாள் போர்ச்சுகலில் 1974ஆம் ஆண்டுப் புரட்சியை நினைவுகூரும் விடுமுறை நாள் என்பது தற்செயல்தான்.)

இந்தக் கோல் மழையைப் புரிந்துகொள்ள முந்தைய மூன்று தோல்விகளையும் பார்க்க வேண்டும். 2014இல் முதல் இறுதிப் போட்டியிலேயே பார்சிலோனாவிடம் 3–0 என்று பென்ஃபிகா தோற்றது. 2017இல் முதலில் கோல் அடித்தும், ஜாம்பிய முன்கள வீரர் பாட்சன் டாக்கா இருந்த இதே சால்ஸ்பர்க்கிடம் 2–1 என்று வீழ்ந்தது. 2020இல் முன்னாள் ஸ்பெயின் வீரர் ராவுல் பயிற்றுவித்த ரியல் மாட்ரிட்டிடம் 3–2 என்று தோற்றது. அன்று பென்ஃபிகாவின் கொன்சாலோ ராமோஸ் இரண்டு கோல் அடித்தும், சமன் செய்திருக்கக்கூடிய ஒரு பெனால்டியை மாட்ரிட்டின் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். மூன்று தோல்விகளில் இதுவே மிகக் கொடியது என்பது என் எண்ணம். அடுத்த பருவமான 2020–21 கொரோனாவால் ரத்தானதால், காயத்தை ஆற்றிக்கொள்ளும் வாய்ப்பும் உடனே கிடைக்கவில்லை.

கேள்வி: பென்ஃபிகாவின் மீதுள்ள சாபம் இந்த வெற்றியோடு நீங்கியதாகச் சொல்லலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்த பயிற்சியாளர் பேலா குட்மன், கிளப்போடு பிணங்கி வெளியேறும்போது, இன்னும் நூறு ஆண்டுகளுக்குப் பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையை வெல்லாது என்று சொன்னதாகக் கதை உண்டு. அதன்பின் மூத்தோர் அணி 2014 வரை எட்டு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் தோற்றது. 2014 ஏப்ரலில் இளையோர் அணியும் மே மாதத்தில் மூத்தோர் அணியும் அடுத்தடுத்துத் தோற்றபோது சாபத்தை நம்பாதவர்கள்கூடச் சற்றே தடுமாறியிருக்கலாம். 2022இன் கோப்பை அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அக்கிளப்புக்கு வந்த ஐரோப்பியக் கோப்பை என்பது உண்மை. ஆனால் குட்மன் மனத்தில் வைத்திருந்தது மூத்தோர் அணியைத்தான் என்று சாபத்தின் ஆதரவாளர்கள் வாதிடுவார்கள், அவர்களை மறுக்க என்னிடம் சான்று இல்லை.

கேள்வி: காலிறுதியில் பென்ஃபிகாவிடம் தோற்ற ஸ்போர்ட்டிங், முந்தைய சுற்றில் ஆடாமலேயே முன்னேறியது எப்படி? (மதுரை வாசகர்)

பதில்: போரினால்தான். கடைசிப் பதினாறில் லிஸ்பன் நகரக் கிளப்பான ஸ்போர்ட்டிங்கின் எதிரணி, உக்ரைனின் டைனமோ கீவ். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து அந்த அணியால் ஆட முடியவில்லை. ஸ்போர்ட்டிங் காலிறுதிக்குச் சென்றது. பென்ஃபிகாவின் குழுவிலேயே ஆடி, அங்கிருந்து தகுதி பெற்று வந்த அணி டைனமோ கீவ்.

கேள்வி: இப்படி வெல்லும் இளைஞர்கள் பெரிய அணிகளில் நிலைக்கிறார்களா? (சேலம் வாசகர்)

பதில்: கோப்பையை வைத்துக் கணிக்க முடியாது. 2020இல் தோற்ற ராமோஸ், 2022 டிசம்பர் 6 அன்று உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் போர்ச்சுகலுக்காக ஹாட்ரிக் அடித்தார். 2022 இளையோர் வெற்றியில் பங்குபெற்ற தற்காப்பு வீரர் அன்டோனியோ சில்வா, அதே ஆண்டு இலையுதிர் பருவத்திலேயே மூத்தோர் அணியில் இடம்பிடித்து, கத்தார் உலகக் கோப்பைக்கும் தேர்வானார். இறுதிப் போட்டியில் மூன்று கோல் அடித்த அராவ்ஜோவை, 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் வாட்ஃபர்ட் கிளப்புக்குக் கடனாக அனுப்பிவைத்தார்கள்.