மண்ணில் சாம்பல் சத்து ‘அதிகம்’; பயிரில் ஏன் பற்றாக்குறை?

கேள்வி: எங்க தோட்டம் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த செவ்வல் மண்ணுங்க. மண் ஆய்வு அட்டையில சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஹெக்டேருக்கு 310 கிலோ, ‘அதிகம்’னு போட்டிருக்குது. அதனால மஞ்சளுக்கு பொட்டாஷே வைக்கலீங்க. இப்ப அடி இலையெல்லாம் நுனியும் ஓரமும் கருகுது. ஆய்வு தப்புங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆய்வு சரிதான். 280 கிலோவைத் தாண்டினால் ‘அதிகம்’ என்று குறிப்பார்கள். ஆனால் அந்த எண், மண் கரைசலிலும் களித்துகள்களின் மேற்பரப்பிலும் இருக்கும் சத்தை மட்டுமே சொல்கிறது. மண்ணின் மொத்த சாம்பல் சத்தில் இது 1-2 சதவீதம்தான். 90 சதவீதத்துக்கு மேல் காக்காப்பொன் (மைக்கா), பெல்ஸ்பார் போன்ற கனிமங்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

வேர் சத்தை உறிஞ்ச உறிஞ்ச, அதைச் சுற்றியுள்ள கரைசலில் பொட்டாசியம் குறைகிறது. அந்தக் குறைவுதான் கனிமத்திலிருந்து அடுத்ததை வெளியே இழுக்கிறது. காக்காப்பொன்னில் பொட்டாசியம் புத்தகத் தாள்களுக்கு இடையே செருகியதுபோல் அடுக்குகளுக்கு நடுவில் இருக்கும்; வேர் விடும் அமிலமும், நீரிலுள்ள கால்சியம், மக்னீசியமும் ஓரத்திலிருந்து நுழைந்து அதை வெளியேற்றும். கறுப்புக் காக்காப்பொன் சீக்கிரம் விடும், வெள்ளை தாமதிக்கும். பெல்ஸ்பாரில் அடுக்கே இல்லை. கல்லின் கட்டமைப்பே சிதைந்தால்தான் சத்து வரும்.

உங்கள் மண்ணில் இரண்டு தடைகள். சுக்கான், வேர் விடும் அமிலத்தை உடனே முறித்துவிடுகிறது. அதோடு மிகுந்த கால்சியம், வேர் பொட்டாசியத்தை எடுக்கும்போது போட்டிக்கு வருகிறது. ஈரம் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். பொட்டாசியம் மண்ணின் நீர்ப்படலத்தில் ஊர்ந்துதான் வேரை அடைய வேண்டும். காய்ந்த மண்ணில் 310 கிலோ இருந்தாலும் வேருக்கு எட்டாது.

உரம் வாங்கும் முன் கிணற்று நீரைச் சோதியுங்கள். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்ஸைத் தாண்டி, சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவான்களைச் சுற்றி வெள்ளைப் பூப்பும் இருந்தால், கருகலுக்கு உப்பே காரணமாக இருக்கலாம். நீர் நன்றாக இருந்தால் பொட்டாஷ் வையுங்கள். மஞ்சளுக்கான பரிந்துரை, ஏக்கருக்கு ஒரு தவணையில் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் (குளோரைடு கலந்த பொட்டாஷ் உரம்) 12 கிலோ: அடியுரமாக ஒருமுறை, பிறகு 30, 60, 90, 120, 150-ஆம் நாட்களில். ஆய்வில் ‘அதிகம்’ என்பதால் கால் பங்கு குறைத்து 9 கிலோ போதும். ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. உப்பு நீர் என்றால் குளோரைடு இல்லாத சல்பேட் ஆஃப் பொட்டாஷ் 11 கிலோ. விலை கூடுதல்தான், ஆனாலும் அதுவே ஏற்றது. அடுப்புச் சாம்பலைக் கொட்டாதீர்கள், அது காரத்தன்மையுடையது, சுக்கான் மண்ணின் காரத்தை மேலும் ஏற்றும்.

கேள்வி: கல் உடைக்கிற கிரஷர் தூள் ஒரு லோடு அடிச்சு, பொட்டாஷ் பாக்டீரியாவும் ஊத்துனா உரச்செலவு மிச்சமாகுமுங்களா?
– வாசகர், காங்கேயம்

பதில்: சிவன்மலை வட்டாரப் பாறைகளில் பெல்ஸ்பார் ஏராளம். ஆனால் பாறையில் இருப்பதும் பயிருக்குக் கிடைப்பதும் வேறு. 4 சதவீத பொட்டாஷ் உள்ள தூளில் டன்னுக்கு 40 கிலோ இருக்கும். ஒரு பருவத்தில் கரைவது மிகச் சொற்பம். மாவுபோல் நைஸான தூள் கொஞ்சம் விரைவாகக் கரையும், ஆனால் நிறையப் போட்டால் மண்ணின் மேல் ஏடு கட்டி நீர் இறங்காது.

பாக்டீரியா அங்கக அமிலங்களைச் சுரந்து கனிமத்தைக் கரைக்கிறது. அதற்கு ஈரமும் அங்ககப் பொருளும் வேண்டும். நன்கு மட்கிய தொழு உரம் 100 கிலோவில் கலந்து, நிழலில் வைத்து, ஈர மண்ணில் வேரருகே இடுங்கள். ரசாயன உரத்தோடு கலக்க வேண்டாம். இது துணைதான், வாழை, மஞ்சள் போல அதிகம் உறிஞ்சும் பயிருக்கு உரத்தின் இடத்தை நிரப்பாது.

கேள்வி: தென்னைக்கு பொட்டாஷ் எவ்வளவு, எங்கே வைக்கோணுங்க?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 2 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். ஜூன்-ஜூலையில் பாதி, டிசம்பர்-ஜனவரியில் பாதி. தண்டை ஒட்டிக் கொட்டாமல், 6 அடி ஆரமுள்ள வட்டப் பாத்தியில் தூவிக் கொத்தி, நீர் பாய்ச்சுங்கள். உரித்த தேங்காய் மட்டையை எரிக்காமல் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பாத்தியில் பரப்பினால், அதிலுள்ள பொட்டாசியம் மழையில் கரைந்து மரத்துக்கே திரும்பும்.