பாதியில் நின்ற ரீஃப்ளாஷ்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2006ஆம் ஆண்டு சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ் ஒன்று இருக்கிறது. சைலன்சரை மாற்றியபின் அதற்கேற்ப ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மெப்பை, அதாவது எரிபொருள், தீப்பொறி அளவுகளுக்கான எண் அட்டவணையைத் திருத்தி, வீட்டு வாசலிலேயே லப்டொப் மூலம் எழுத (ரீஃப்ளாஷ் செய்ய) முயன்றேன். பாதியில் தொடர்பு அறுந்து நின்றுவிட்டது. பயத்தில் சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போது ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. ஈசியு செத்துவிட்டது, பழையது ஒன்று வாங்கிப் போடுங்கள் என்கிறார்கள் கராஜில். அது உண்மையா? நான் எங்கே பிழை விட்டேன்?

– வாசகர், தலவாக்கலை

அன்புள்ள தம்பிக்கு,

ஈசியு செத்துவிட்டது என்ற தீர்ப்பை அதற்குள் ஏற்றுக்கொள்ள வேண்டாம். எழுதும் வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்று பார்க்காமல் அப்படிச் சொல்ல எவராலும் முடியாது.

உங்கள் வண்டியைப் போன்றவற்றில் லப்டொப் முதலில் ஈசியுவிடம் அனுமதி பெற்று, எழுதுவதற்கான சிறிய நிரல் ஒன்றை அதன் ரேம் நினைவகத்தில் ஏற்றுகிறது. அந்த நிரல், அணைத்தாலும் அழியாத ஃப்ளாஷ் நினைவகத்தைப் பகுதி பகுதியாக ஒப்பிட்டு, மாற வேண்டிய பகுதியை மட்டும் அழித்து, புதிய தரவை எழுதிச் சரிபார்க்கிறது. அனுமதி கேட்கும்போதே நின்றிருந்தால் எதுவும் அழிந்திருக்காது. கேபிளையும், டேஷ்போர்டுக்குக் கீழே இணைக்கவேண்டிய பச்சை நிற டெஸ்ட் கனெக்டரையும் பார்த்தால் போதும். எழுதி முடிந்தபின் வண்டி பிடிக்கவில்லை என்றால், வேறொரு ரொம் எண்ணுக்குரிய (ஈசியு நிரலின் பதிப்பு எண்) கோப்பு எழுதப்பட்டிருக்கலாம், அல்லது செக்சம் (தரவு சரியா என்று பார்க்க உதவும் கூட்டுத்தொகை) திருத்தப்படாமல் விடுபட்டிருக்கலாம். உங்களுடையது இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறது: ஒரு பகுதி அழிக்கப்பட்டு, முழுமையாக எழுதப்படாமல் கிடக்கிறது என்றே நீங்கள் சொல்லும் அறிகுறிகளிலிருந்து தெரிகிறது.

சாவியை அணைத்தது பிழைதான். சாவியையும் கேபிளையும் அப்படியே விட்டிருந்தால், ரேமில் இருந்த நிரல் உயிரோடிருந்திருக்கும். மென்பொருளை மூடித் திறந்தாலும் அது அந்த நிரலைக் கண்டுகொண்டு விட்ட வேலையைத் தொடர வாய்ப்பிருந்தது. அணைத்ததும் அந்த நிரல் போய்விட்டது. ஆனாலும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. நீங்கள் மெப்பின் எண்களை மட்டும் மாற்றியிருந்தால், ஈசியு விழித்தெழுவதற்கான ஆரம்ப நிரல் இருக்கும் பகுதி மாறவேண்டியதாக இருந்திருக்காது. ஆகவே அது தொடப்படாமலும் இருக்கலாம். அப்படியிருந்தால் ஈசியு இன்னும் லப்டொப்புக்குப் பதில் சொல்லும்.

மறுபடி முயல்வதற்கு முன் மின்னழுத்தத்தைக் கவனியுங்கள். வீட்டில் செய்யும் ரீஃப்ளாஷ் கெட்டுப்போனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். டெஸ்ட் கனெக்டரை இணைத்துச் சாவியைப் போட்டதும் ரேடியேட்டர் விசிறிகள் ஓடி ஓடி நிற்பதையும், பின்பக்கத்தில் பெற்றோல் பம்ப் விட்டுவிட்டு இரைவதையும் கேட்டிருப்பீர்கள். எஞ்சின் ஓடாத நிலையில் அத்தனையும் பற்றரியிலிருந்தே போகிறது. முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும் பற்றரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். குளிரில் பற்றரி தரும் ஆற்றலும் குறைகிறது என்பதால், நம் பக்கத்து மார்கழி, தை இரவுகளில் இந்த வேலையைத் தொடங்குவதே விவேகமில்லை. பற்றரியில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். லப்டொப் கேபிளைச் செருகும் ஓபிடி சொக்கெட்டின் 16ஆம் பின்னுக்கும் 4ஆம் பின்னுக்கும் இடையிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட் வித்தியாசம் வந்தால், மூடுபனியும் ஈரமும் எங்கோ ஒரு டெர்மினலிலோ ஏர்த் இணைப்பிலோ பச்சைக் களிம்பு பிடிக்க வைத்திருக்கிறது என்று பொருள். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் அடுத்த முயற்சி வேண்டாம்.

நிலையான 13.5 வோல்ட் தரும் பவர் சப்ளை கிடைத்தால் நல்லது. கராஜ்களில் இருக்கும் பழைய டிரான்ஸ்ஃபோமர் சார்ஜரை எழுதும் நேரத்தில் மாட்டவே கூடாது. அதன் மின்னோட்டம் சீராக வராது. மின்வெட்டு எப்போது வருமென்று சொல்ல முடியாத நம் ஊர்களுக்கு ஏற்ற வழி, முழுதாகச் சார்ஜ் ஆன லொறிப் பற்றரி ஒன்றை வண்டியின் பற்றரியோடு பக்க இணைப்பாக (நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை) சேர்ப்பது. லொறியில் 24 வோல்ட்டுக்காக இரண்டு பற்றரிகள் இருக்கும். ஒன்றை மட்டும் கழற்றி எடுங்கள்.

லப்டொப்பைத் தூங்கவிடாமலும், யூஎஸ்பி மின்சேமிப்பை நிறுத்தியும், இணையத்தைத் துண்டித்தும் வையுங்கள். மலிவான நகல் கேபிள் என்றால் இன்னும் கவனம் தேவை: 2014 ஒக்டோபரில், இத்தகைய யூஎஸ்பி கேபிள்களுக்கான சிப்களைத் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் ஒன்று, போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. நேற்று வேலை செய்த கேபிள் இன்று காணாமல் போவதற்கு இப்படியும் காரணம் உண்டு.

இவற்றையெல்லாம் சரிசெய்தபின், திருத்திய மெப்பை எழுதாமல், முதலில் ஈசியுவிலிருந்து படித்துச் சேமித்த மூலக் கோப்பை எழுதுங்கள். இடையில் நின்றாலும் சாவியில் கை வைக்காமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். மூலக் கோப்பைச் சேமிக்காமலே தொடங்கியிருந்தால், எவரிடமோ வாங்கிய கோப்பைக் கொண்டு ஒப்பேற்றாதீர்கள். உங்கள் ரொம் எண்ணுக்கு உரியதையே தேடிப் பிடிக்க வேண்டும்.

ஈசியு பதிலே சொல்லவில்லை என்றால், அதைக் கழற்றி, மேசையில் வைத்து, புரொசசரின் பூட் மோட் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அவசர எழுதும் வழி) வழியாக எழுத வேண்டியிருக்கும். அது சோல்டரிங்கில் கை பழகியவர் செய்யவேண்டிய வேலை. வண்டியை இழுத்துக்கொண்டு கொழும்புக்கோ கண்டிக்கோ போக வேண்டியதில்லை. முன் பயணியின் காலடிக் கம்பளத்துக்குக் கீழே, இரும்புத் தகட்டின் அடியில் இருக்கும் ஈசியுவை மட்டும் கழற்றி அனுப்பலாம். அதற்கு முன் பற்றரி இணைப்பை எடுத்துவிடுங்கள்.

பழைய ஈசியு வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். உங்கள் வண்டியில் இம்மொபிலைசர் (உரிய சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) இருந்தால், வேறு வண்டியிலிருந்து வந்த ஈசியு சாவியை அடையாளம் காணாது. பணமும் கொடுத்து, ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத இதே நிலையில்தான் நிற்பீர்கள். மென்பொருள் சேமித்து வைத்த பதிவுக் கோப்பை எனக்கு அனுப்புங்கள். அதன் கடைசி வரிகளில் எந்தப் பகுதியை எழுதும்போது தொடர்பு அறுந்தது என்று இருக்கும்.