பிறந்த மாதமும் விளையாட்டும்: சிறுவர் அணித் தேர்வாளரிடம் கேள்வி பதில்

கேள்வி: ஜனவரியில் பிறந்தவர்கள்தான் ஆட்டத்தில் மேலே வருகிறார்களாமே? ராசிபலன் மாதிரி இருக்கிறது!

ராசிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வயதுப் பிரிவுக்கான கட்-ஆஃப் தேதி செய்கிற வேலை இது. அந்தத் தேதி தொடங்கி ஓராண்டுக்குள் பிறந்தவர்கள் எல்லாரும் ஒரே பிரிவில் ஆடுவார்கள்; தேதியை ஒட்டிப் பிறந்தவர்கள்தான் அதில் மூத்தவர்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு அந்தத் தேதி ஜனவரி 1. 1985-இல் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் அங்குள்ள வீரர்களின் பிறந்த தேதிகளை அலசினார்கள். முதல் மூன்று மாதக்காரர்கள் குவிந்திருந்தார்கள். கடைசி மூன்று மாதக்காரர்கள் சொற்பம். இங்கிலாந்துக் கால்பந்தில் கட்-ஆஃப் செப்டம்பர் 1. அங்கே செப்டம்பர் பிள்ளைகளுக்குத்தான் யோகம்.

கேள்வி: பதினோரு மாதம் அவ்வளவு பெரிய வித்தியாசமா?

முப்பது வயதில் ஒன்றுமே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கோ அது கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு ஆயுள். தேர்வு நாளில் பாருங்கள்: ஜனவரிப் பையன் இரண்டே எட்டில் பந்தை எட்டிவிடுவான். டிசம்பர்ப் பையன் பந்து எங்கே விழும் என்று முன்பே கணித்து ஓடியிருப்பான், ஆனாலும் தோளில் ஓர் இடி, கீழே கிடப்பான். நம் நோட்டில் ஏறுவது முதல் பையனின் பெயர். (நானும் அப்படி எழுதியவன்தான்.) அப்புறம் அவனுக்கு நல்ல கோச், கூடுதல் ஆட்டங்கள். இரண்டு வருடத்தில் நிஜமாகவே அவன் தேறிவிடுவான். நம் கணிப்பு பலித்ததாக நாமும் நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: என் மகன் டிசம்பர். வேறு வழி பார்க்கலாமா?

அவசரப்படாதீர்கள். வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியில், பிந்திய மாதங்களில் பிறந்தும் தேர்வானவர்கள், தேர்வு வரிசையில் தங்களுக்குக் கிடைத்த இடத்தை மிஞ்சி ஆடியிருக்கிறார்கள். பெரிய உடம்புகளோடு மோதியே வளர்ந்ததால் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். பலர் பதின்ம வயதிலேயே ஒதுங்கிவிடுகிறார்கள்.

கேள்வி: பெண்களுக்கும், எல்லா விளையாட்டுக்கும் இதே கதையா?

பெண்களிடம் பொதுவாகக் குறைவு. ஜிம்னாஸ்டிக்ஸில் சிறிய உடல்தான் வசதி, அதனால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

கேள்வி: தேர்வாளர்களிடம் பிறந்த தேதியைக் கொடுத்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் தேதிப் பட்டியல் கொடுத்தும் பாரபட்சம் போகவில்லை. வயது வரிசைப்படியே சட்டை எண் போட்டு ஆடவிட்டபோதுதான் மறைந்தது. பட்டியலை ஆட்டம் நடக்கும்போது யார் புரட்டுவார்கள்? முதுகில் இருக்கும் எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.